எருக்கீரையும் உரக்கீரையும்

கல்யாணமாகி நான் பம்பாயில் செம்பூருக்குக் குடிவந்தபோது அந்த வீட்டில் ஒரு சட்டம் ஏற்கெனவே அமலில் இருந்தது. உரம் போட்டு விளைந்த காய்கறி வாசற்படி தாண்டி உள்ளே வரக் கூடாது. சட்டத்தைப் போட்டவர் என் கணவர். அவர் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். விவசாயத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு, தட்டில் வைத்ததைச் சாப்பிடுவது என்ற அளவில்தான். ஆனால் அபிப்பிராயம் இருப்பதற்கு நிலம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

அறுபதுகளின் நடுப்பகுதி. ரேஷன் கடையில் கப்பலில் வந்த கோதுமைக்கு வரிசை நின்ற காலம். நாட்டில் விளைச்சலைப் பெருக்க வேண்டும், அதற்கு ரசாயன உரம் வேண்டும் என்று பேப்பரைத் திறந்தாலே எழுதியிருந்தார்கள். வேண்டாம், மண்ணும் மனிதனும் கெட்டுப்போவார்கள் என்று மறுபக்கத்தில் இன்னொருவர் எழுதியிருப்பார். என் கணவர் மறுபக்கத்தை மட்டும் படிப்பார். இப்போது கடைகளில் பச்சை எழுத்தில் போடுகிறார்களே 'ஆர்கானிக்' என்று, அந்த வார்த்தை அப்போது காய்கறிக்கு வந்து சேரவில்லை. நான் வேலை பார்த்த கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் ஒரு அலமாரியின் மேல் எழுதி ஒட்டியிருந்தது. அந்த அலமாரியைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போவார். அங்கே தமிழ் பேசும் கடைக்காரர் ஒருவர் வசாயிலிருந்து தோட்டக் காய் வரவழைத்து விற்றார். சாணி எருவைத் தவிர வேறெதுவும் அந்தக் காய் கண்டதில்லை என்பது கடைக்காரரின் சத்தியம். காலையில் போனவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார். முகத்தில் காசி யாத்திரை முடித்து வந்த களை இருக்கும். ஒரு வாரத்துக்கான காய் அத்தனையும் அந்தப் பைகளில்தான். எங்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. ஈரத்துண்டைச் சுற்றி, மண்பானைக்குப் பக்கத்தில் வைத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து அதைக் காப்பாற்றுவது என் வேலை. புதன்கிழமைக்குள் வெண்டைக்காய் வளைத்தால் ஒடியாது. கீரை மஞ்சள் பூசிக்கொள்ளும். எங்கள் தெருவில் தினமும் காலையில் தள்ளுவண்டி வரும். அதில் பச்சைப்பசேல் என்று காய் கிடக்கும். நான் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு வீடுகள் ஒட்டினாற்போல் இருந்தன. ஒன்று எங்களுடையது. இன்னொன்றுக்கு ஒரு மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஜோடி குடிவந்தது. அவன் டிராம்பே பக்கம் புதிதாக எழும்பியிருந்த உர ஆலையில் ஃபிட்டர். அவள் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய வாப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பட்டறை வைத்திருந்தவர். பம்பாயை விட்டு வெளியே போனதே இல்லை என்றாலும் அவள் வாயில் தாமிரபரணித் தண்ணீர்தான் ஓடியது. ஆத்திரம் வந்தால் மட்டும் பம்பாய் ஹிந்தி.

இரண்டு வீட்டுக்கும் பின்னால், இடுப்புயரச் சுவரின் இரு பக்கமும் ஆளுக்கு ஒரு கீற்று மண் இருந்தது. புடவை உலர்த்தும் அகலம். என் கீற்றில் நான் முளைக்கீரை விதைத்திருந்தேன். பால்காரரின் தபேலாவிலிருந்து, அதாவது எருமைக் கொட்டிலிலிருந்து, சாணம் வந்தது. என் கணவர் அந்தச் சாணத்தை மாப்பிள்ளையை வரவேற்பதுபோல் வரவேற்பார், தொட மட்டும் மாட்டார். அவள் வந்த கொஞ்ச நாளில் அவள் பக்கமும் முளைக்கீரை எழுந்தது. என்னுடையது பள்ளிக்கூடத்துக்குப் பயந்த பிள்ளை மாதிரி நின்றால், அவளுடையது பயில்வான் மாதிரி நின்றது.

"அக்கா, ஒங்க கீரை ஏன் இப்படி மெலிஞ்சு கெடக்கு? பட்டினி போடுதீயளா?" என்று சுவருக்கு மேலிருந்து கேட்டாள்.

"இது எருவுல வளர்றது. நிதானமாத்தான் வரும்" என்றேன்.

"எங்க வீட்டுக்காரவுக ஆலையிலேர்ந்து உரம் கொண்டாந்தாக. ஒரு கை அள்ளிப் போடட்டா?"

"வேண்டாம்மா. எங்காத்துக்காரர் அப்புறம் அந்தக் கீரையைக் கையாலயும் தொடமாட்டார்."

அவள் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

விஷயம் ஆண்கள் காதுக்குப் போனது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி என்று ஆகிவிட்டது.

"பாய், உரம் போட்டா இலை பெரிசாகும். நான் மறுக்கலை. ஆனா உள்ள என்ன இருக்கு? வெறும் தண்ணி. சதை வேற, சத்து வேற" என்பார் இவர்.

"சார், செடிக்கு எது எரு, எது உரம்னு பேரு தெரியுமா? அதுக்கு வேண்டியது வேருக்கு வந்தாச் சரி. பசிச்ச புள்ளைக்குச் சோறு போட்டா ஒடம்பு தேறும். அதப் போயி தண்ணிங்கிறீய" என்பான் அவன்.

"சோறு போடறதும் ஊசி போடறதும் ஒண்ணா?"

"காய்ச்சல் வந்தா ஊசிதானே சார் போடுதோம்?"

இப்படிப் போகும். இருவரும் மரியாதைக்காரர்கள். குரல் உயராது, விஷயமும் நகராது. நாங்கள் இரண்டு பெண்களும் அவரவர் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்போம். ஒரு நாள் அவள் பொறுக்க முடியாமல் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, நீங்க காலேஜுல கண்ணாடிக் குழாயில எதையெதையோ அளக்கீயள்ல? இந்தச் சத்த அளக்க முடியாதா? அளந்து சொல்லிட்டா இவுக வாய மூடிருவாக."

நான் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் ரசாயனப் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். மாணவர்கள் செய்முறை செய்யும்போது பக்கத்தில் நின்று, அமிலத்தை வாயால் உறிஞ்சாதே, கரைசலைச் சட்டையில் கொட்டாதே என்று சொல்லும் உத்தியோகம். எல்லாச் சத்தையும் அளக்க எங்கள் கூடத்தில் வசதி இல்லை. ஆனால் வைட்டமின் சி மட்டும் அளக்கலாம். கீரையை அமிலத்தில் அரைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் ஒரு நீலச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சாற்றில் வைட்டமின் இருக்கும்வரை விழுகிற சாயம் நிறம் இழந்துபோகும். வைட்டமின் தீர்ந்ததும் அடுத்த சொட்டு இளஞ்சிவப்பாக நிற்கும். எவ்வளவு சாயம் செலவானதோ அவ்வளவு சத்து. இதை அவளிடம் சொன்னபோது, "அட, இவ்வளவுதானா? நாளைக்கே செய்யுங்க" என்றாள்.

காலையில் எனக்கு அரக்கப் பரக்க ஓட வேண்டியிருக்கும். செம்பூரில் வண்டி பிடித்து குர்லாவில் மாறி மாட்டுங்கா போக வேண்டும். அதனால் முந்தின சாயங்காலமே என் கீரையைப் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டேன். மறுநாள் கிளம்பும்போது அவள் தன் கீரையைப் பனி சொட்டச் சொட்டப் பறித்து என் பையில் செருகினாள். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மராத்தி அம்மாள் என் பையை எட்டிப்பார்த்து, எங்கே வாங்கினாய் என்று ஃபிட்டர் மனைவியின் கட்டைக் காட்டித்தான் கேட்டாள். எனக்கு அப்போதே கொஞ்சம் வலித்தது.

மத்தியானம் கூடம் காலியானதும் செய்து பார்த்தேன். அவள் கீரை சாயத்தைக் குடித்துக்கொண்டே இருந்தது. என் கீரை சீக்கிரமே சிவந்துவிட்டது. சந்தேகப்பட்டு இன்னொரு முறை செய்தேன். அதேதான்.

சாயங்காலம் முடிவைச் சொன்னேன். ஃபிட்டர் நல்ல மனிதன், ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க மிகவும் பாடுபட்டான். சுவர்ப் பக்கம் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டான், அவ்வளவுதான். என் கணவர்தான் என்மேல் பாய்ந்தார்.

"உங்க காலேஜ் சாயம் பழசா இருக்கும்."

"நேத்துதான் கரைச்சது."

"அப்ப உனக்குக் கை நடுங்கியிருக்கும்."

ராத்திரி மோர் சாதத்தை அவர் என்னோடு பேசாமலே சாப்பிட்டு முடித்தார். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. சாணம் கரைத்தது நான்தானே. எனக்கும் அந்தக் கீரைமேல் ஒரு பாசம் இருந்தது.

அடுத்த வாரம் இன்னொரு முறை பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. அதற்குள் தாராவியில் அவள் சொந்தத்தில் ஒரு நிக்காஹ் வந்தது. அளக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலமே கிளம்பிவிட்டாள். கிளம்புமுன் தன் கீரைக் கட்டையும் ஒரு சிறிய டப்பாவையும் என்னிடம் கொடுத்தாள்.

"அக்கா, இது யூரியா. நான் வார வரைக்கும் எங் கீரைக்கி ஒரு சிட்டிக தூவி தண்ணி ஊத்துவீயளா? ஒங்க கீரைக்கி வேணாம், எங் கீரைக்கி மட்டும் போதும்."

டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு நான் வேறு வேலையாகப் போய்விட்டேன். சாமானை அதனதன் இடத்தில் வைப்பதில் என் கணவர் கெட்டிக்காரர். திறந்து பார்த்திருக்கிறார். வெள்ளை வெளேரென்று, உருண்டை உருண்டையாக. நேரே கொண்டுபோய் அடுக்களை அலமாரியில் சேமியாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

மறுநாள் எனக்குக் கல்லூரி மத்தியானத்துக்குமேல்தான். காலையில் ஏதோ விசேஷம் என்று அவருக்குப் பாயசம் ஆசை வந்தது. வெல்லப்பாகு, தேங்காய்ப்பால் எல்லாம் தயாராகிக்கொண்டிருந்தது. சேமியாவுக்குப் பக்கத்திலிருந்த டப்பாவிலிருந்து ஜவ்வரிசியைக் கொட்டி ஒரு பாத்திரத்தில் தண்ணீர் விட்டு ஊறவைத்தேன். பாத்திரத்தைத் தள்ளிவைக்கத் தொட்டால் ஜில்லென்று இருந்தது, ஐஸ்காரன் வண்டியில் கை வைத்தமாதிரி. அப்படியே நின்றேன். தண்ணீரில் கரையும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும் பொருள்களை வருஷா வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவள் நான். ஜவ்வரிசி அந்தப் பட்டியலில் கிடையாது. உற்றுப் பார்த்தால் உருண்டைகள் கரைந்துகொண்டிருந்தன.

"ஏன்னா, இந்த டப்பாவை எங்கேர்ந்து எடுத்து இங்க வச்சேள்?"

"மேஜைமேல கிடந்தது. ஜவ்வரிசியை யாராவது மேஜைமேல வைப்பாளா?"

"இது ஜவ்வரிசி இல்லை. பாயோட ஆலையில பண்ற உரம்."

அவர் அடுக்களை வாசலில் வந்து நின்று பாத்திரத்தைப் பார்த்தார். வெல்லப்பாகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உரம் போட்ட காயே வேண்டாம் என்றவர், ஏலக்காய் போட்டு உரத்தையே குடித்திருப்பார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவருக்கும் உதடு துடித்தது, ஆனால் கொள்கை தடுத்தது. "பாய்கிட்ட சொல்லாதே" என்று மட்டும் சொன்னார். கரைந்த உரத்தை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து அவள் பாத்தியில் ஊற்றினேன். பாயசம் சேமியாவில் நடந்தது.

அந்தக் கலவரத்தில் நேரமாகிவிட்டதால் என் கீரையைக் கிளம்பும்போதுதான் பறித்தேன். அவளுடைய கட்டு முந்தின சாயங்காலத்தது. கல்லூரியில் அளந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். இப்போது என்னுடையது சாயத்தைக் குடிக்கிறது, அவளுடையது சீக்கிரமே சிவந்துவிடுகிறது. முதல் வாரம் எவ்வளவு வித்தியாசமோ ஏறக்குறைய அவ்வளவு வித்தியாசம், எதிர்ப்பக்கத்தில்.

முதலில் சந்தோஷப்பட்டேன். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று பறந்தேன். குர்லாவில் வண்டிக்கு நிற்கும்போதுதான் பிளாட்பாரத்தில் ஒரு கூடைக்காரி வாடிய கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நானும் வீட்டில் அதைத்தானே செய்கிறேன் என்று நினைத்தேன். அப்போது புத்தியில் பட்டது. இரண்டு தடவையும் தோற்றது எரு இல்லை, உரம் இல்லை. முந்தின நாள் பறித்ததுதான் தோற்றது.

நிக்காஹ் முடிந்து அவள் திரும்பியதும் சொன்னேன். நான் பாதி சொல்லும்போதே அவள் மீதியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ஒரே நேரத்துல பறிச்சு, ஒரே பையில போட்டு, ஒரே வண்டியில கொண்டு போவணும். அப்பத்தான் நாயம். நானும் வாரேன் அக்கா. அந்தச் செவப்ப நான் கண்ணால பாக்கணும்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். கல்லூரிக்குள் அடியெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. வெள்ளைத் துப்பட்டியை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு படியேறினாள். கூடத்தின் வாடை பட்டதும், "எங்க வாப்பா பட்டறை மாதிரியே நாறுது" என்று தைரியம் வந்து சிரித்தாள்.

நீலச் சொட்டு சாற்றில் விழுந்து ஒரு கணம் மினுங்கிக் காணாமல் போயிற்று.

"எங்க போச்சு?"

"வைட்டமின் அதைத் தின்னுடுத்து."

"அப்ப இன்னும் பசி இருக்கு. ஊத்துங்க, ஊத்துங்க."

குனிந்து குடுவையோடு கண்ணை வைத்துக்கொண்டாள். கடைசியில் ரோஜா நிறம் வந்து கலையாமல் நின்றது. "எவ்வளவு அழகாட்டு இருக்கு" என்றாள் மெதுவாக. அடுத்த கீரைக்கு நான் பியூரெட் என்ற அந்தக் கண்ணாடிக் குழாயின் திருகை அவள் கையில் கொடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள்.

மூன்றாவது சுற்று முடிகிற நேரம் பார்த்துத் துறைத்தலைவர் உள்ளே வந்தார். சனிக்கிழமை மத்தியானம் அவர் வரும் வழக்கமே இல்லை. புனேக்காரர், பேசுவது குறைவு, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். வெளியாள் ஒருத்தி பியூரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மேஜைமேல் கீரைக் குப்பை. என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "என்ன வந்தது?" என்று அவளிடமே ஹிந்தியில் கேட்டார்.

"தோனோ பராபர், சாப்" என்றாள் அவள்.

உண்மையில் இரண்டும் சமமாகத்தான் வந்தன. ஒரு தடவை அவளுடையது நூலிழை முன்னால், அடுத்த தடவை என்னுடையது. மூன்றாவதாகச் செய்தால் பிரித்துச் சொல்லவே முடியவில்லை.

துறைத்தலைவர் குடுவைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். இரண்டு பாத்திக் கீரையை வைத்து உலகத்து வயல்களுக்குத் தீர்ப்பு எழுதிவிடாதே என்று எனக்குச் சொன்னார். விதை மாறினால், மண் மாறினால், மழை மாறினால் கதை மாறலாம். வைட்டமின் சி ஒன்றுதான் சத்து என்றும் இல்லை, இரும்பு இருக்கிறது, சுண்ணாம்பு இருக்கிறது. அவற்றை நீ அளக்கவில்லை. எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "பச்சையாகவா சாப்பிடப் போகிறீர்கள்? சமைத்ததையும் கொண்டுவந்து பார்" என்றார். வெளியாள் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் சொன்னதைச் செய்திருக்க வேண்டாமோ என்று பிற்பாடு எனக்குத் தோன்றியதுண்டு. என் பிறந்த வீட்டுப் பழக்கம், கீரையை நிறையத் தண்ணீரில் குழைய வேகவிட்டு, தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டு மசிப்பது. அப்படி மசித்ததை அளந்தால் முதல் சில சொட்டுகளிலேயே சிவந்து நின்றது. கொட்டப்போன தண்ணீரையும் ஒரு சீசாவில் கொண்டுபோயிருந்தேன். அதில் கொஞ்சம் இருந்தது! ஆக, எங்கள் வீட்டில் இத்தனை நாள் சவரட்சணையாகப் போஷாக்கு பெற்று வந்தது சாக்கடை. அவள் வீட்டுச் சமையலும் பெரிதாகப் பெருமைப்பட்டுக்கொள்ளும்படி இல்லை. கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கிய பிறகு மூன்று தண்ணீரில் அலசுவாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் முழுசாக அலசி, பிறகு நறுக்கி, மூடி போட்டு, தண்ணீர் வற்ற வேகவைக்க ஆரம்பித்தோம்.

மாட்டுங்காக் கீரைதான் பாக்கி. ஒரு புதன்கிழமை, அவர் ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்ததில் ஒரு கட்டை எடுத்துக்கொண்டுபோனேன். வழியில் எங்கள் தெரு வண்டியில் அன்றைய கீரையும் ஒரு கட்டு. அந்த வண்டிக்காரரின் கீரை எப்படி விளைந்தது என்று எனக்குத் தெரியாது, உரமாகத்தான் இருக்கும். முடிவு என்னவாக வரும் என்று தெரிந்தேதான் போனேன். ஆனால் வித்தியாசம் அவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. மாட்டுங்காவின் புனிதக் கீரையில் எஞ்சியிருந்தது சொற்பம்.

எப்படிச் சொல்வது என்று சனிக்கிழமைவரை மென்று விழுங்கினேன். ஞாயிறு காலையில் அவர் பைகளை உதறி மடிக்கும்போது சொல்லிவிட்டேன். அவர் பைகளோடு கட்டிலில் உட்கார்ந்தார்.

"அப்ப நான் மாட்டுங்கா போறது வீண்ங்கறே."

"காய்க்காகப் போறேள்னா வீண்தான். அன்னன்னிக்கு வாசல்ல வாங்கினா ஒசத்தி."

"எருவுல விளைஞ்சதாச்சே."

"இருக்கட்டுமே. மூணு நாள் நம்மாத்து மூலையில கிடந்தா எருவாவது உரமாவது. எல்லாம் போயிடறது."

மடித்த பையைப் பிரித்து மறுபடி மடித்தார். அப்புறம், நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், "காய்க்காக மட்டும் போகலையே" என்றார். "மாட்டுங்காவிலே பேச்சிலரா இருந்தப்போ ஒரே ரூம்ல இருந்தவா நாலு பேர். ஞாயித்துக்கிழமை மார்க்கெட் பக்கம் ஹோட்டல்ல பார்த்துப்போம். சும்மா காபி குடிக்க செம்பூர்லேர்ந்து போறேன்னா நீ என்ன நினைப்பியோன்னு..."

"அதுக்காகவா ஒரு பை வெண்டைக்காய் தூக்கிண்டு வரேள்?"

"இல்லை, எருவும் நிஜம்தான்" என்றார் அவசரமாக. பிறகு, "நீயும் வாயேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை எங்கேயும் அப்படிக் கூப்பிட்டதில்லை. புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். அந்த நான்கு பேரும் எழுந்து நின்று எனக்கு நாற்காலி போட்டார்கள். தோசை வந்தது, காபி வந்தது, இன்னொரு காபி வந்தது. எந்த ஆபீஸில் யாருக்கு பிரமோஷன், எந்த ரயில் எங்கே நின்றது என்று அவர்கள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் என் கணவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் மார்க்கெட். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாள் கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டிருந்தார். "என்ன இது, இத்தனூண்டு இருக்கு? உரம் போட்டதா இருந்தா நல்லா பெரிசா இருக்குமே" என்றார்.

"உரம் போட்டதுதாம்மா, சாட்சாத் உரம். அடியில பாருங்க, எவ்வளவு பெரிசு" என்று கடைக்காரர் அடியிலிருந்து பொறுக்கிக் கொடுத்தார். அந்த அம்மாள் திருப்தியாகப் போனார். கடைக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"வாங்க சார், உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன். சுத்தமான எரு." அதே கூடைக்குள் கையை விட்டார்.

நான் என் கணவரைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. அவர் ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாயசத்தன்று அடக்கிவைத்த சிரிப்பும் சேர்ந்து வந்தது அவருக்கு. கடைக்காரர் ஒன்றும் புரியாமல் தானும் சிரித்துவைத்தார். அன்று சேனைக்கிழங்கும் ஒரு முழுப் பூசணியும் மட்டும் வாங்கினோம். எத்தனை நாளானாலும் வாடாது.

அதற்குப் பிறகு ஞாயிறு மாட்டுங்காவும் நிற்கவில்லை, தினம் தள்ளுவண்டியும் நிற்கவில்லை. எங்கள் வீட்டுச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. அமல்படுத்துவதை மட்டும் விட்டுவிட்டோம். பின்கட்டில் என் மண்ணுக்கு ஒரு சிட்டிகை யூரியா வந்தது, அவள் மண்ணுக்கு ஒரு கூடைச் சாணம் போயிற்று. வெயிலில் அவள் பாத்தி இறுகி வெடித்தபோது அவளாகவேதான் கேட்டாள். சமைக்கும் நேரத்துக்குப் பறிப்பது என்று ஆகிவிட்டது. அடுப்பில் கடுகு வெடிக்கும்போது, "அக்கா, ஒரு பிடி கிள்ளிக்கிடுதேன்" என்று சுவருக்கு மேல் கை நீளும். யார் பாத்தி என்று யாரும் கேட்பதில்லை.

ஆண்கள் விஷயம் இருக்கிறதே. 'தோனோ பராபர்' என்ற தீர்ப்பைக் கல்லூரிக்குப் போய் வந்த மறுநாளே, ஞாயிறு சாயங்காலம், நாங்கள் இருவரும் சேர்ந்து நின்று சொன்னோம். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. தோற்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்கள். ஃபிட்டர் நகத்தைச் சுரண்டினான். பிறகு கேட்டான்.

"ஒங்க பெரிய சாரு என்னமோ இரும்புன்னு சொன்னாகன்னு இவ சொன்னாளே. அத அளந்தீயளாக்கா?"

"இல்லை. அதுக்குக் கீரையைச் சாம்பலாக்கணும். காலேஜ்ல உலை ரிப்பேர்."

என் கணவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாத்தியா பாய்? இரும்புதான் முக்கியம். இரும்பு மண்ணுலேர்ந்து வரணும், ஆலையிலேர்ந்து வராது."

"சார், ஆலையே இரும்புதான் சார்" என்றான் அவன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் உள்ளே போய் அவள் போட்ட டீயைக் குடித்தோம். உலையை அப்புறம் ரிப்பேர் செய்தார்கள். நான் இரும்பை அளக்கவே இல்லை.